பேரங்காடியின் அபாய மணி

1967ஆம் ஆண்டு மே மாதம் 22ஆந் திகதி, திங்கட்கிழமை. பெல்ஜியத்தின் தலைநகராகிய பிறசல்ஸ் மாநகரில், 'புதுத் தெரு' எனப் பொருள்படும் பெயர்கொண்ட கடைவீதியிலே, 'இன்னொவாசியோன்' என்னும் பேரங்காடி மதியவேளைக் கூட்டத்தால் நிறைந்திருந்தது. அமெரிக்கப் பொருள்களுக்கான சிறப்புக் காட்சியொன்று அங்கு நடைபெற்றுக்கொண்டிருந்த காலம் அது. உணவுச்சாலையிற் பலர் உண்டுகொண்டிருந்தனர். பிற்பகல் ஒன்றரை மணியளவில், முதலாம் மாடியிற் சிறுவர் ஆடைகள் விற்கும் பகுதியில் நெருப்புக் காணப்பட்டது. ஊழியர் சிலர் தீயணைக்கும் கருவிகளுடன் அவ்விடத்துக்கு ஓடினர். மணி ஒலித்தது.

மணி ஒலித்ததென்னவோ உண்மை. ஆயினும், அதனைக் கேட்டோரிற் பலர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஊழியரின் உணவு இடைவேளையை அறிவிக்கும் மணியே அது என எண்ணியவர்கள் இருந்தனர் எனத் தப்பிப் பிழைத்தோர் பின்னர் கூறினர். துணியைப் புரட்டிப் பார்த்தவர் தொடர்ந்து புரட்டினார். உண்டவர் தொடர்ந்து உண்டார். சில நிமிடங்களுள் நிலைமை மாறிவிட்டது.

அந்தக் கட்டடம் சாதாரணமானதன்று. விக்தோர் ஓர்ட்டா என்னும் பெரும் கட்டடக் கலைஞர் 1901ஆம் ஆண்டில் இரும்பும் கண்ணாடியும் கொண்டு எழுப்பியது. நடுவே, நிலத்தளத்திலிருந்து கூரைவரை ஒரே வெளி. அவ்வெளியைச் சுற்றி மாடிக்கு மாடி நடைகள். உச்சியிற் கண்ணாடிக் கூரை. கீழ்த்தளத்தில் நிற்பவரும் வானத்தைக் காணலாம். எந்த மாடியிலிருந்து நோக்கினும் அங்காடி முழுவதும் கண்ணுக்கு விருந்தாகும். வெளிச்சத்தைக் கீழே கொணர்ந்த அதே வெளி, அன்று புகையை மேலே கொண்டுசென்றது. தீப்பட்டதும் தானே நீரைச் சொரியும் தெளிப்பான்கள் அக்கட்டடத்தில் இருக்கவில்லை. 250இற்கு மேற்பட்டோர் மாண்டனர். சமாதான காலத்தில் பெல்ஜியம் கண்ட தீவிபத்துக்களுள் இதுவே மிகக் கொடியது. நெருப்பு எவ்வாறு மூண்டது என்பது இறுதிவரை ஐயத்துக்கிடமின்றித் துணியப்படவில்லை.

தீயை அறிவிக்கும் பொறிகளின் வரலாறு பெரும்பாலும் அறிவியலின் வெற்றிக் கதையாகவே எழுதப்படுகிறது. நெருப்பை மேலும் மேலும் விரைவாக அறியும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன என்பது மெய்யே. ஆனால், அக்கருவிகள் பேரங்காடிகளுட் புகுந்தபின் நிகழ்ந்தவற்றை நோக்கினால் வேறொரு கதை தெரிகின்றது. பொறி நெருப்பை அறிந்துகொண்டது. அறிந்ததை மனிதருக்குச் சொல்லும் இடத்திலேதான் பிழை நேர்ந்தது.

முற்காலத்தில் இப்பணியை ஆற்றியவர்கள் காவலாளர்கள். கோபுரத்தில் நின்று ஊரை நோக்கி, புகை கண்டவிடத்து மணியடிப்பர். மணியோசை கேட்டவர்களுக்கு நெருப்பு உண்டென்பது விளங்கும். எங்கே என்பது விளங்காது. இக்குறையைத் தீர்த்தது தந்தி. அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிலே வில்லியம் சானிங் என்னும் மருத்துவரும் மோசெஸ் பார்மர் என்னும் பொறியியல் வல்லுநரும் சேர்ந்து வகுத்த தந்தி முறை 1852ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. தெருமுனைகளில் இரும்புப் பெட்டிகள் நிறுவப்பட்டன. பெட்டியின் கைபிடியைச் சுழற்றினால், அப்பெட்டிக்குரிய எண் தலைமை நிலையத்துக்குச் செல்லும். அங்கிருந்து நகரின் மணிகள் அந்த எண்ணிக்கைப்படி ஒலிக்கும். எண்ணத் தெரிந்தவர் யாவரும் நெருப்பு எப்பகுதியில் என்பதை அறிந்துகொள்வர். எளிய முறைதான், எனினும், மணியோசைக்குள்ளே ஒரு செய்தியை வைக்கலாம் என்று காட்டியது அது. பின்வந்தோர் பலர் இதனை மறந்தனர் என்பது மேலே புலனாகும்.

தெருவிலுள்ள பெட்டிக்கு மனிதக் கை வேண்டும். பூட்டிய கடைக்குள்ளே நள்ளிரவில் நெருப்பு மூண்டால் யார் கைபிடியைச் சுழற்றுவது? 1881ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரின் 'பிரின்ரம்ப்' பேரங்காடி எரிந்து அழிந்தபோது, துணியும் மரமும் நிறைந்த இத்தகைய மாளிகைகள் எத்துணை எளிதில் எரியும் என்பதை ஐரோப்பா கண்டது. எடிசனுடன் பணியாற்றிய பிரான்சிஸ் அப்ரன் 1890ஆம் ஆண்டில் தானியங்கி மின் தீயறிவிப்பு முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் ஜோர்ஜ் டார்பி என்பவர் வெப்பத்தை உணரும் கருவியொன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். இவ்வகைக் கருவிகள் யாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. குறித்த வெப்பநிலை வந்ததும் ஓர் உலோகம் உருகும் அல்லது வளையும், மின்சுற்று மூடப்படும் அல்லது அறும், மணி ஒலிக்கும்.

நீர்த்தெளிப்பானின் கதையும் இதனோடு ஒட்டியது. அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரிலே பியானோ செய்து விற்ற ஹென்றி பார்மலி என்பவர் தமது தொழிற்சாலையைக் காப்பதற்காகவே 1874ஆம் ஆண்டில் அதனை ஆக்கினார். குழாயினுள்ளே நீர் ஓடத் தொடங்கினால் அந்த ஓட்டமே ஒரு சில்லைச் சுழற்றி வெளிச்சுவரிலுள்ள வெண்கல மணியை அடிக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது. மின்சாரம் வேண்டாம், காவலாளி வேண்டாம், நீரே மணியடிப்பவன். இன்றும் பழைய ஆலைகளின் சுவர்களில் அம்மணிகளைக் காணலாம்.

ஆனால், வெப்பம் வரும்வரை காத்திருப்பது பெரிய குறை. கடையிற் கிடக்கும் துணிப்பொதியொன்று நெடுநேரம் புகைந்துகொண்டேயிருக்கலாம். மாடத்தின் கூரையிலுள்ள உலோகத் துண்டு சூடேறுவதற்குள் கீழே நிற்பவர் மூச்சுத் திணறி விழலாம். தீவிபத்திலே பெரும்பாலோர் மாள்வது தீயினால் அன்று, புகையினால். புகையை அறிவது எப்படி?

இதற்கு விடை கிடைத்தது ஒரு சிகரெட்டினால். 1930களின் பிற்பகுதியிற் சுவிற்சர்லாந்தின் பௌதிகவியலாளராகிய வால்ரர் யேகர், நச்சுவாயுவைக் கண்டறியும் கருவியொன்றை உருவாக்க முயன்றுகொண்டிருந்தார். வாயு உட்புகுந்தால், கருவியினுள்ளே ஓடும் மிகச் சிறிய மின்னோட்டம் மாறவேண்டும் என்பது அவரது எண்ணம். மாறவில்லை. மனஞ் சலித்துச் சிகரெட் ஒன்றைப் பற்றவைத்தார். சிறிது நேரத்தில் அளவுமானியின் முள் இறங்கியது. நச்சுவாயுவைக் கண்டுகொள்ளாத கருவி புகையைக் கண்டுகொண்டது. அவருக்குப் பின் ஏர்ன்ஸ்ற் மைலி என்னும் மற்றொரு சுவிஸ் பௌதிகவியலாளர், அந்தச் சிறிய மாறுதலை மணியடிக்கும் அளவுக்குப் பெருக்கவல்ல குழாயொன்றை ஆக்கினார். வியப்புக்குரியது யாதெனில், 1960களில் அமெரிக்காவின் டுவேன் பியர்சல் என்பவரது தொழிற்கூடத்திலும் இதே கதை நிகழ்ந்ததாகக் கூறப்படுகின்றது. நிலைமின்னைப் போக்கும் பொறியொன்றை அங்கே சோதித்தபோது, உதவியாளரொருவரின் சிகரெட்டுப் புகை பட்டு அளவுமானி தடுமாறியது. வீடுகளிற் பொருத்தத்தக்க மலிவான பற்றரிப் புகையுணர் கருவி அதன்வழி வந்தது. புகைப்பழக்கத்தினால் உலகுக்கு விளைந்த நன்மைகளைப் பட்டியலிட முற்படுவோர் இவ்விரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

அக்கருவியின் இயக்கத்தை விளக்குவது கடினமன்று. அமெரிசியம் என்னும் கதிர்வீசும் உலோகத்தின் ஒரு துகள், சிறிய அறையொன்றின் காற்றை மின்னேற்றம் பெறச் செய்கின்றது. இரு தகடுகளுக்கிடையே அக்காற்றினூடே மெல்லிய மின்னோட்டம் ஓடுகின்றது. புகைத்துகள் உட்புகுந்ததும் மின்னேற்றம் பெற்ற அணுக்கள் அதனோடு ஒட்டிக்கொள்ள, ஓட்டம் தளர்கின்றது, மணி ஒலிக்கின்றது. மற்றொரு வகைக் கருவி ஒளியைக் கொண்டு இயங்குவது. இருண்ட அறைக்குள்ளே ஒளிக்கதிர் ஒன்று நேராகச் செல்லும். அதனைக் காணும் 'கண்' பக்கத்திலே மறைந்திருக்கும். புகை வந்தால் ஒளி சிதறிக் கண்ணிற் படும். கொழுந்துவிட்டு எரியும் நெருப்பை முந்திய வகையும், கனன்று புகையும் நெருப்பைப் பிந்திய வகையும் விரைவில் அறியும்.

பொறி இவ்வாறு கூர்மையடைந்துகொண்டிருந்த காலத்திலேயே, அது காக்கவேண்டிய கட்டடமும் மாறிவிட்டது. 1956ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் அமெரிக்காவின் மின்னசோற்றா மாநிலத்து எடைனா நகரிற் 'சௌத்டேல்' என்னும் கடைத்தொகுதி திறக்கப்பட்டது. வியன்னாவிற் பிறந்த விக்ரர் குரூவன் என்பவர் வகுத்த திட்டம் அது. பனியும் வெயிலும் மாறிமாறி வாட்டும் அந்நாட்டிலே, முழுத் தெருவையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்து, ஆண்டு முழுவதும் ஒரே இதமான வெப்பநிலையை வைத்திருந்தார். உலகெங்குமுள்ள மூடிய கடைத்தொகுதிகளுக்கு அதுவே முன்னோடி.

பழைய தெருவிலே ஒவ்வொரு கடைக்கும் வாயில் வானத்தை நோக்கியது. கடை எரிந்தால் ஆள் தெருவுக்கு ஓடுவான். தெருவுக்கு வந்தவன் தப்பியவன். மூடிய கடைத்தொகுதியிலோ தெருவும் கட்டடத்தின் உள்ளேயே இருக்கின்றது. கடையைவிட்டு ஓடியவன் இன்னமும் கூரையின் கீழேதான் நிற்கிறான். ஒருவன் கடையில் எழுந்த புகை மற்றவன் கடைக்கு விருந்தாளியாகப் போகும். நடுமண்டபத்தின் கூரை மிக உயரமாயிருந்தால், மேலெழும் புகை பாதி வழியிற் குளிர்ந்து படலமாக நின்றுவிடும். கூரையிலுள்ள கருவி அதனை அறியாது. இதனாலேயே அத்தகைய மண்டபங்களில் ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கு ஒளிக்கதிரைப் பாய்ச்சும் கருவிகளைப் பல உயரங்களிற் பொருத்தலாயினர். வாடகைக்காரர் பலர், கட்டடம் ஒன்று, மணியின் பொறுப்பு யாருடையது? இவ்வினா தொழில்நுட்பத்தினுடையதன்று. இதன் விடை தவறியபோது உயிர்கள் போயின.

யப்பானின் ஒசாகா நகரில் 1972ஆம் ஆண்டு மே மாதம் 13ஆந் திகதி, சனிக்கிழமை இரவு நிகழ்ந்தது இதற்குச் சான்று. 'சென்னிச்சி' என்னும் ஏழுமாடிப் பேரங்காடிக் கட்டடத்தின் கடைகள் மூடப்பட்டுவிட்டன. மூன்றாம் மாடியில் திருத்தவேலை நடந்துகொண்டிருந்தது. ஏழாம் மாடியிலோ ஆடலும் பாடலும் கொண்ட களியாட்டச் சாலையொன்று, ஏறத்தாழ 180 பேருடன் நிறைந்திருந்தது. அதனை நடத்தியவர் வேறு. கீழே கடை நடத்தியவர் வேறு. பத்தரை மணியளவில் மூன்றாம் மாடியின் துணிப்பகுதியில் நெருப்பு மூண்டது. வேலையாள் ஒருவர் சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினார். மணி ஒலித்தது, நிலத்தளத்துக் காவலறையில் ஒலித்தது. காவலர் தீயணைப்புப் படைக்குத் தொலைபேசியிற் செய்தி சொன்னார்கள். ஏழாம் மாடிக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் ஏழாம் மாடியில் இசை முழங்கிக்கொண்டிருந்தது. அவர்களுக்குச் செய்தி கொண்டுவந்தது புகையே; காற்றுக் குழாய்களின் வழியாகவும் மின்தூக்கிக் கிணற்றின் வழியாகவும் அது வந்து சேர்ந்தது. நெருப்பு ஏழாம் மாடியை எட்டவேயில்லை. ஆயினும் அம்மாடியிலிருந்தோரில் 118 பேர் மாண்டனர். அவர்களுட் சிலர் மூச்சு விடமுடியாது சாளரங்களின் வழியே குதித்தவர்கள். கீழே அறியப்பட்டிருந்த ஒரு செய்தி, நான்கு மாடி மேலே ஏறவில்லை.

அடுத்த ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி, குமமோட்டோ நகரின் 'தாயியோ' பேரங்காடியில், பட்டப்பகலில், கடை திறந்திருந்த வேளையிலேயே நெருப்பு மூண்டு 100 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அங்கே ஒலிபெருக்கி இருந்தும் அபாய அறிவிப்புச் செய்யப்படவில்லை. இவ்விரு நிகழ்ச்சிகளின் பின் யப்பானியப் பாராளுமன்றம் 1974ஆம் ஆண்டில் தீயணைப்புச் சட்டத்தைத் திருத்தியது. அத்திருத்தத்தின் உயிர்நாடி ஒன்று. அதுவரை புதிய விதிகள் புதிய கட்டடங்களுக்கே உரியன. பழைய கட்டடங்கள் பழைய விதிகளோடு இருந்துவிடலாம். இனி அவ்வாறில்லை; மக்கள் கூடும் அங்காடிகள் முதலியன, எக்காலத்திற் கட்டப்பட்டிருப்பினும், அறிவிப்புப் பொறியும் நீர்த்தெளிப்பானும் பொருத்தியே ஆகவேண்டும் என்றாயிற்று. கட்டடச் சொந்தக்காரர் செலவை எண்ணிக் கலங்கினர். சட்டம் கலங்கவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழுவது இயல்பு. மணி இருந்தும், ஒலிபெருக்கி இருந்தும், கடைக்காரர் ஏன் தயங்கினர்? கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அவர்களை ஆட்டிப்படைத்தது ஓர் அச்சம். 'நெருப்பு' என்று உரத்துச் சொன்னால் மக்கள் வெறிகொண்டு ஓடி, வாயிலில் ஒருவரையொருவர் மிதித்துக் கொல்வர் என்பது நெடுங்கால நம்பிக்கை. ஆதலால், முதலில் ஊழியருக்கு மட்டும் விளங்கும் குறிப்பு. அவர்கள் சென்று பார்த்து உறுதிசெய்தபின் பொதுமக்களுக்கு அறிவிப்பு என்ற முறை பரவியது. இங்கிலாந்தின் புகையிரத நிலையங்களில் 'இன்ஸ்பெக்டர் சாண்ட்ஸ்' என்பவர் உடனே கட்டுப்பாட்டு அறைக்கு வருமாறு ஒலிபெருக்கியில் அழைப்பதுண்டு. அப்படி ஒருவர் எங்கும் இல்லை. அபாய மணி இயங்கியுள்ளது என்பதற்கான குழூஉக்குறி அது. நாடக அரங்குகளில் தீயணைக்க வைத்திருந்த மணல் வாளிகளிலிருந்து அப்பெயர் பிறந்ததென்பர்.

மக்கள் வெறிகொண்டு ஓடுவர் என்ற அந்த நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதை மஞ்செஸ்ரர் நகரம் காட்டியது. 1979ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி, அந்நகரின் மையத்திலிருந்த வூல்வேர்த் அங்காடியில், இரண்டாம் மாடியில் அடுக்கிவைத்திருந்த மெத்தை இருக்கைகளில் நெருப்புப் பிடித்தது. பழுதுற்ற மின்கம்பி ஒன்றே காரணமாகக் கொள்ளப்பட்டது. இருக்கைகளினுள்ளே இருந்தது பொலியூரிதேன் என்னும் செயற்கைப் பஞ்சு. அது எரியும்போது எழும் கரும்புகையிலே காபன் ஓரொட்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் கலந்திருக்கும். அதே மாடியில் உணவுச்சாலையும் இருந்தது. அங்கிருந்தோர் ஓடவில்லை. பணம் கொடுத்து வாங்கிய உணவை விட்டுச்செல்ல மனமின்றிச் சிலர் இருந்தனர். பணம் செலுத்தும் வரிசையிலே தமது முறைக்காகச் சிலர் காத்து நின்றனர். பத்துப் பேர் மாண்டனர். நீர்த்தெளிப்பான் அங்கும் இல்லை. சில சாளரங்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. வீட்டுத் தளபாடங்களில் நிரப்பும் பொருள்பற்றி பிரித்தானியா 1988ஆம் ஆண்டில் இயற்றிய கடுமையான விதிகளுக்கு இவ்விபத்து ஒரு காரணமாயிற்று.

வரிசையில் நின்ற அம்மனிதரை மூடர் என்று எள்ளுவது எளிது. உண்மையில் அவர் ஒழுங்கானவர். உணவுச்சாலைக்கு உண்பதற்கு வந்தவர், உண்டபின் பணம் கொடுத்துப் போகும் பழக்கத்தை ஒரு மணியோசைக்காக விட்டுவிடுவதில்லை. அந்த மணி அவருக்கு என்ன சொல்லிற்று? சோதனை மணியா, கள்வன் புகுந்த மணியா, பக்கத்துக் கடையின் மணியா? மணிக்கு நா உண்டு, சொல் இல்லை. அவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். மற்றவர்கள் அசையவில்லை. மற்றவர்களும் அவரைப் பார்க்கிறார்கள், அவர் அசையவில்லை.

ஊகமாயிருந்த இதனைச் சோதனையாற் காட்டியவர்கள் கிலேன் புறூ என்னும் அம்மையாரும் ஜொனதன் சைம் என்பவரும். இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலுள்ள 'மொனுமென்ற்' என்னும் நிலக்கீழ்ப் புகையிரத நிலையத்தில் அவர்கள் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 1991ஆம் ஆண்டில் வெளியாயின. முதல் நாள் மணியை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். பயணிகள் நின்றார்கள், நடந்தார்கள், வந்த வண்டியில் ஏறிக்கொண்டார்கள். நிலையம் வெறுமையாவதற்கு ஏறத்தாழப் பதினைந்து நிமிடங்கள் சென்றன. மற்றொரு நாள், கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர் ஒளிப்படக்கருவிகள் மூலம் பயணிகளைப் பார்த்தபடியே, என்ன நேர்ந்தது, எந்த வழியாற் செல்லவேண்டும் என்பதைத் தெளிவான சொற்களில் அறிவித்தார். ஆறு நிமிடத்துக்குள் நிலையம் காலியாயிற்று. ஒருவரும் ஒருவரையும் மிதிக்கவில்லை.

பிற்காலத்துக் கடைத்தொகுதிகளில் மணிக்குப் பதிலாக மனிதக் குரல் வந்தமைக்கு இத்தகைய ஆய்வுகளே துணைநின்றன. முதலிற் சில கணம் ஓசை, பின் அமைதி, பின் முன்கூட்டியே பதிவுசெய்த குரல். மின்சாரம் நின்றாலும் பற்றரியில் இயங்கும். கம்பிகள் நெருப்பைத் தாங்கவல்லன. 1980களிலிருந்து ஒவ்வொரு புகையுணர் கருவிக்கும் தனியெண் அமைந்தமையால், கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்தவுடன் எந்தக் கடையின் எந்த மூலை என்பது தெரிந்துவிடும். பொஸ்ரன் நகரத்துப் பெட்டியின் எண், நூறாண்டுகள் கழித்துக் கூரையில் ஏறிக்கொண்டது எனலாம்.

ஆயினும் கூர்மையான கருவிக்கு ஒரு தொல்லை உண்டு. அது அளவுக்கு மிஞ்சி அறியும். சமையலறை ஆவி, முடியலங்காரக் கடையின் தெளிப்பான், சுவரைத் துளைக்கும் தச்சனின் தூசு, எல்லாம் அதற்குப் புகையே. மணி வீணே ஒலித்தால் கூட்டம் வெளியேறும், வெளியேறிய கூட்டம் எல்லாம் திரும்பி வருவதில்லை, விற்பனை கெடும். இதற்குப் பரிகாரமாக, இரு கருவிகள் சேர்ந்து உணர்ந்தாலன்றி மணி ஒலிக்காதவாறு வைப்பர். அல்லது, காவலர் சென்று பார்ப்பதற்குச் சில நிமிட அவகாசம் கொடுப்பர். இவை நேர்மையான வழிகள். நேர்மையற்ற வழியொன்றும் உண்டு. அதற்கு ஒரு விரல் போதும், பொறியை நிறுத்திவிடலாம்.

ருஷ்யாவின் சைபீரியப் பகுதியிலுள்ள கெமரோவோ நகரில், பழைய இனிப்புப்பண்டத் தொழிற்சாலையொன்று 2013ஆம் ஆண்டிற் கடைத்தொகுதியாக மாற்றப்பட்டுத் திறக்கப்பட்டது. 'குளிர்காலச் செரி' என்பது அதன் பெயர். மேல்மாடியிற் குழந்தைகள் விளையாடும் இடமும் திரைப்பட அரங்குகளும் இருந்தன. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. பாடசாலை விடுமுறை தொடங்கிய நாள்களாகையாற் சிறுவர் கூட்டம் மிகுந்திருந்தது. குழந்தைகள் விளையாடும் இடத்தில், செயற்கைப் பஞ்சுத் துண்டுகள் நிரம்பிய பகுதியில் நெருப்புப் பற்றியது. அறுபது பேர் மாண்டனர். அவர்களுள் முப்பத்தேழு பேர் சிறுவர்.

அக்கட்டடத்தில் தீயறிவிப்புப் பொறி இருந்தது. அது மார்ச் 19ஆந் திகதி முதல் இயங்கவில்லை என அரசாங்க விசாரணையாளர் அறிவித்தனர். தீப்பற்றிய செய்தி கிடைத்தபின் காவலர் ஒருவர் பொதுமக்களுக்கான ஒலிபெருக்கி அறிவிப்பையும் நிறுத்திவிட்டார் எனவும், வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன எனவும் அவர்கள் கூறினர். அரங்கிலே படம் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு எந்த மணியும் கேட்கவில்லை. தொலைபேசி மூலம் சிலர் தம் பெற்றோருடன் பேசினர். செய்தி பெற்றோரை எட்டியது. பெற்றோரால் பிள்ளைகளை எட்ட முடியவில்லை.

யேகரின் சிகரெட்டு முதல் எண்பது ஆண்டுகள் உழைத்து மனிதர் ஆக்கிய கருவி, ஆறு நாள் உறங்கிக்கிடந்தது. வழக்கு நெடுங்காலம் நடந்தது. இவ்விபத்தோடு தொடர்புடைய எண்மருக்கு 2021ஆம் ஆண்டிற் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. எரிந்த கட்டடம் இடித்து அகற்றப்பட்டு, அவ்விடத்தில் நினைவுப் பூங்காவொன்று அமைக்கப்பட்டது.

பொறி உறங்காமற் காப்பதற்குப் பிரித்தானியாவில் ஒரு வழக்கம் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை, குறித்த கிழமையில், குறித்த நேரத்தில், சுவரிலுள்ள அபாயப் பெட்டிகளுள் ஒன்றைத் திறவுகோலால் இயக்கிப் பார்ப்பர். ஒவ்வொரு வாரமும் வேறு பெட்டி. 150 பெட்டிகள் உள்ள கட்டடமாயின், ஒரு பெட்டியின் முறை மீண்டும் வருவதற்கு 150 வாரங்கள் செல்லும். அதனைச் செய்தவர் நாளையும் பெட்டியின் எண்ணையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கவேண்டும். சோதனை நடக்கப்போகின்றது, எவரும் வெளியேற வேண்டியதில்லை என்று ஒலிபெருக்கி முன்கூட்டியே சொல்லும். பின்னர் மணி ஒலிக்கும். கடைகளில் நிற்போர் ஒரு கணம் தலைநிமிர்ந்து பார்த்துவிட்டு, மீண்டும் பொருள்களின் விலையை நோக்குவர்.